விடுவிக்க வேண்டாம் என்றவள்

கோஸ் இலையில் அரிசியும் கறியும் சுருட்டி வேகவைத்த சர்மாலேப் பானையைத் தொம்னிகா அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் அக்ரிபினா கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். இத்தாலியிலிருந்து ஈஸ்டருக்கு வந்திருந்த நாத்தனார் வாய் திறந்து ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நேராக மேஜைக்குப் போய், சிவப்புச் சாயம் ஏற்றி வைத்திருந்த முட்டைகளைத் தன் கூடையில் அடுக்கத் தொடங்கினாள்.

"ரொட்டி எங்க?"

"அடுப்புக்குள்ள இருக்கு. இன்னும் கொஞ்சம் சிவக்கணும்," என்றாள் தொம்னிகா.

"சிவந்தது போதும், எடுங்க. கல்லறைக்கு நாங்க கொண்டு போறோம். நீங்க வர வேண்டாம்."

ஈஸ்டருக்கு அடுத்த வாரத் திங்கள் எங்கள் ஊரில் இறந்தவர்களுக்கான ஈஸ்டர். ரஷ்யாவில் செங்கல் சுமப்பவனும் இத்தாலியில் கிழவிகளுக்குக் கால் பிடிப்பவளும் அன்றைக்கு எப்படியாவது ஊர் வந்து சேர்ந்து, தங்கள் கல்லறைமேல் துணி விரித்துச் சாப்பாடு வைப்பார்கள். அன்று மாமியார் கல்லறைக்கு வராத மருமகளை ஊர் எப்படிப் பேசும் என்பது அக்ரிபினாவுக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் சொன்னாள்.

"அத்தைக்கு இது முதல் வருஷம், அக்ரிபினா..."

"யாருக்கு யாரு அத்தை? எங்கம்மா சாகுற வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாங்களே, அது யாரால? நேத்து ஜெயில் வாசல்ல அண்ணன் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? 'அம்மா ஏன் வரல?' அதான். எங்க வீட்டுக்குக் கூட்டிக்கிட்டு வர்றப்ப வேன்ல உக்கார வச்சு நான் சொன்னேன். அவ்வளவு பெரிய ஆம்பள, சீட்டுக்குக் கீழ உக்காந்து அழுதாரு. அதையும் நாந்தான் பாக்கணுமா?"

சிறையில் இருப்பவனிடம் சாவுச் செய்தி சொல்லக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். உள்ளே இருப்பவனால் வந்து ஒரு பிடி மண் போட முடியாது, அவனை எதற்கு வதைப்பது என்று யாரும் வாய் திறப்பதில்லை. தாய் செத்தால்கூட அப்படித்தான். ஃபெவ்ரோனியா ஈஸ்டர் நோன்புக்கு முன்பே போய்ச் சேர்ந்தாள். மகன் வலேரியுவுக்கு அது தெரிந்தது நேற்றுத்தான்.

தொம்னிகா கையைத் துடைத்துக்கொண்டாள். கேட்க வேண்டியது ஆயிரம் இருந்தும் அவள் ஒன்றைத்தான் கேட்டாள்.

"காலைல அவரு மருந்து சாப்பிட்டாரா?"

"என்ன மருந்து?"

தொம்னிகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். தங்கைக்கும் அவர் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. "ஒண்ணுமில்ல... உடம்பு வலிக்கு."

"உடம்பு வலியப் பத்தி நீங்க பேசாதீங்க அண்ணி. நாளைக்குக் காலைல அண்ணன் போலந்துக்குக் கெளம்புறாரு. கட்டட வேலை. வேன்ல சீட்டு சொல்லியாச்சு. இனிமே உங்களுக்கு அவரு தொல்லையும் இல்ல, எங்க தொல்லையும் இல்ல. சந்தோஷமா இருங்க."

ரொட்டியைச் சூட்டோடு துணியில் சுற்றிக்கொண்டு அக்ரிபினா போய்விட்டாள். தொம்னிகா அடுப்பின் முன்னாலேயே நின்றாள். போலந்து... அங்கே யார் அவருக்கு மருந்து கொடுப்பார்கள்? இன்னும் இலையுதிர் காலம் வரை நாள் தவறாமல் விழுங்க வேண்டிய மருந்து அது. இந்த மனுஷன் நாளையிலிருந்து விட்டுவிட்டால் இவ்வளவு பாடும் எதற்கு?

வலேரியு கெட்டவன் இல்லை. திராட்சை அறுவடையின்போது குடித்துவிட்டு டிராக்டர் ஓட்டினான், அது மேலே ஏறி ஒருவனுக்குக் கால் போயிற்று, இவன் சிறைக்குப் போனான். அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதை இல்லை. உள்ளே போன இடத்தில் காசநோய் ஒட்டிக்கொண்டது. சாதாரண மருந்துக்கு அடங்காத வகை. சிறை ஆஸ்பத்திரிக்கு அவனை மாற்றினார்கள். முதல் முறை தொம்னிகா பார்க்கப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருந்தான்.

"அம்மாவுக்குத் தெரியக்கூடாது," என்றான். "எங்கண்ணன் இதே நோயிலதான் போனான். இன்னொண்ணைத் தாங்க மாட்டாங்க. நம்ம வீட்டுச் சுவத்துச் சாமிப் படம், அந்த ஐகான் மேல சத்தியம் பண்ணு."

தொம்னிகா சத்தியம் செய்தாள். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. புருஷன் பிழைத்தால் போதும் என்ற எண்ணம்தான்.

அதே வார்டில் பக்கத்துக் கட்டிலில் மித்ரோஃபான் இருந்தான். இதே ஊர்க்காரன், பாலாடைக்கட்டி விற்கும் ரயீசாவின் புருஷன். இரண்டு பேரும் ஒரே நோய், ஒரே மருந்து, ஒரே சீட்டுக்கட்டு. கோடையில் மித்ரோஃபானுக்கு முன்கூட்டியே விடுதலை கிடைத்தது. வார்டே கைதட்டி வழியனுப்பியதாம். "மீதி மருந்தை உங்க ஊர்ப்பக்கம் வாங்கிக்கலாம்" என்று சொல்லி அனுப்பினார்கள். ஊர்ப்பக்கம் வந்தால், "அந்த வகை மருந்து இங்க இல்ல, உங்க விவரம் எங்களுக்கு வரல" என்றார்கள். ரயீசா நடையாய் நடந்தாள். அவனும்தான் என்ன செய்வான்? இருமல் நின்றுவிட்டது, உடம்பு தேறிவிட்டது, எதற்கு அலைய வேண்டும் என்று விட்டுவிட்டான். திராட்சை பழுக்கும்போது இரத்தம் கக்கினான். முதல் பனி விழுவதற்குள் புதைத்துவிட்டார்கள். குடியால் ஈரல் போய்விட்டது என்று ரயீசா ஊரிடம் சொன்னாள். காசநோய் வீட்டுப் பாலாடைக்கட்டியை யார் வாங்குவார்கள்?

உண்மை தெரிந்தவர்கள் ரயீசாவும் செவிலி நீனாவும் தொம்னிகாவும்தான். கடைசி வாரத்தில் அவனுக்கு முதுகைத் தூக்கிப் பிடித்து மூச்சு விட வைத்தது தொம்னிகாவின் கை. அந்த மூச்சின் சத்தம் அவள் காதை விட்டுப் போகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில்தான் வலேரியுவின் முறை வந்தது. விடுதலை கேட்டு அவனும் மனுப் போட்டிருந்தான். விசாரணைக்கு முன்னால் தொம்னிகா அவனைப் பார்க்கப் போனாள். "இன்னும் கொஞ்ச காலம் இங்கயே இருங்களேன்..." என்று இழுத்தாள். அவன் சிரித்தான். "பைத்தியமா உனக்கு? நான் இப்ப குதிரை மாதிரி இருக்கேன். மித்ரோஃபான் போயிட்டான் பாரு, ஜாலியா." அந்த இடத்தில் அவள் வாய் திறந்திருக்க வேண்டும். செத்துவிட்டான் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் உள்ளே இருப்பவனிடம், அதுவும் அதே நோய்க்காரனிடம், பக்கத்துக் கட்டில்காரனின் சாவை எப்படிச் சொல்வது? பிறந்ததிலிருந்து ஊறிய வழக்கம் அவளைத் தடுத்தது. சொல்லாமல் திரும்பினாள்.

அவர்கள் இருந்த வீடு தொம்னிகாவின் அப்பா விட்டுச்சென்றது. வலேரியு தன் தாயோடு அங்கே வந்து சேர்ந்தவன். அதனால் நீதிபதி தொம்னிகாவைத்தான் கேட்டார்: "வெளியே விட்டால் இவரை வீட்டில் வைத்துக்கொள்வீர்களா?"

பக்கத்தில் ஃபெவ்ரோனியா, ஈஸ்டருக்கு மகன் வந்துவிடுவான் என்று புதுத் தலைத்துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்பிக்கு அப்பால் வலேரியு புன்னகையோடு நின்றான்.

"மாட்டேன்," என்றாள் தொம்னிகா. "எனக்கு அவர் வேண்டாம். வீட்டில் இடமில்லை."

போக இடமில்லாதவனை விடவில்லை. மருந்து தடையில்லாமல் கிடைக்கும் ஒரே இடத்தில் புருஷனைப் பூட்டி வைத்தாள் அவள். அதற்குப் பிறகு வலேரியு அவளைப் பார்க்க மறுத்துவிட்டான். கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினான். ஃபெவ்ரோனியா ஒரு வருஷம் முழுக்க அதே வீட்டில், அதே அடுப்பில், தனக்கென்று ஒரு சின்னப் பானை வைத்துத் தனியாகச் சமைத்துக்கொண்டாள். மருமகள் வைத்த தட்டைத் தொடவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம், "எம் மகன் உசுரோட இருக்கும்போதே இவ கைம்பெண் ஆயிட்டா" என்றாள்.

சாகிற அன்று மட்டும் அருகே கூப்பிட்டாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லிடு. ஏன் அப்படிச் செஞ்ச? எம் புள்ள உனக்கு என்ன பண்ணினான்?" தொம்னிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பேசவில்லை. ஐகான் சுவரில் இருந்தது. கிழவி கையை உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினாள். பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சவ அடக்கத்தில் மருமகள் ஒப்பாரி வைக்கவில்லை என்று ஊரே பார்த்தது. ஒப்பாரி வைத்தால் உண்மை வந்துவிடும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது யாருக்குத் தெரியும்?

மாமியார் செத்த அந்தக் குளிர்காலம் முழுவதும் மருந்துக்காக மாவட்ட ஆஸ்பத்திரி வாசலில் அவள் நின்ற நிற்பு கொஞ்சமல்ல. தண்டனைக் காலம் முடிந்து புருஷன் வரும்போது மித்ரோஃபானுக்கு நடந்தது நடக்கக்கூடாது. திட்டினார்கள், துரத்தினார்கள், மறுபடி போனாள். கடைசியில் மருந்து அவனுக்கு முன்னால் ஊருக்கு வந்து சேர்ந்தது. நீனாவின் மருந்தகத்து அலமாரியில் காத்திருந்தது. அவன்தான் வரவில்லை.

தொம்னிகா ஏப்ரனைக் கழற்றினாள். கறுப்புத் தலைத்துணியைக் கட்டிக்கொண்டு, மாமியார் பேரில் தானமாகக் கொடுக்க எடுத்து வைத்திருந்த துண்டையும் கோப்பையையும் இன்னொரு ரொட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மேட்டு வழியில் நீனா எதிர்ப்பட்டாள். விடுமுறை நாளிலும் மருந்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்து அலுத்துப்போன முகம்.

"வரலடி உம் புருஷன்."

"கல்லறைல இருக்காரு நீனாக்கா. மருந்த எடுத்துக்கிட்டு நீங்களும் வாங்க. அவரு எங்க இருக்காரோ அங்க கொடுத்துடுவோம்."

"எங்கிட்ட வாங்கித் தின்னாத்தான் ஆச்சு. வாங்கலன்னா நான் என்ன, மூக்கைப் பிடிச்சா ஊத்த முடியும்?" என்று முணுமுணுத்தாலும் நீனா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள்.

கல்லறை மேடு திருவிழாப் போல இருந்தது. ஃபெவ்ரோனியாவின் புது மண்மேட்டில் துணி விரித்து, முட்டையும் ரொட்டியும் பரப்பி, அக்ரிபினா உரக்க ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் வலேரியு நின்றான். சதை போட்டிருந்தான், முகத்தில் நிறம் இருந்தது. தொம்னிகா அவனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தாள். பிழைத்துவிட்டார்... இந்த முகத்துக்காகத்தானே எல்லாம்.

அவன் கையில் ஒரு கிளாஸ் ஒயின். இறந்தவர் பேரில் ஒரே கிளாஸ் கைமாறிக் கைமாறி எல்லோரும் குடிப்பது எங்கள் முறை. அவன் முறை வந்திருந்தது.

"அதைக் குடிக்காதீங்க," என்றாள், தன்னை மீறி. அந்த மருந்தும் மதுவும் சேர்ந்தால் ஈரலைத் தின்றுவிடும் என்று டாக்டர் அடித்துச் சொல்லியிருந்தார்.

ஒப்பாரி நின்றது. சுற்றிலும் இருந்த கல்லறைக்காரர்கள் திரும்பினார்கள்.

"பாத்தீங்களா," என்றாள் அக்ரிபினா. "பெத்தவ பேருல ஒரு வாய் குடிக்கக்கூடப் பொறுக்கல."

தொம்னிகா அவளைத் தாண்டி முன்னால் போனாள். ரொட்டியைக் கோப்பைமேல் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, துண்டோடு புருஷனிடம் நீட்டினாள். "அத்தை ஆத்மாவுக்காக... வாங்கிக்குங்க."

இறந்தவர் பேரில் கொடுப்பதைப் பகையாளிகூட மறுப்பதில்லை. வலேரியு மறுத்தான்.

"எங்கம்மா பேரைச் சொல்ல உனக்கு வாய் எப்படி வருது? ஒரு வருஷம்... ஒரே ஒரு வருஷம் அவங்ககூட இருந்திருப்பேன். கஞ்சி ஊத்தியிருப்பேன். கடைசில மண்ணாவது போட்டிருப்பேன். அதையும் புடுங்கிட்டியே. உன்னை நான் என்ன சொல்றது... போயிடு. எங்கம்மா பக்கத்துல நிக்காத."

"போறேங்க. மருந்த மட்டும் சாப்பிட்டுடுங்க. நீனாக்கா கொண்டு வந்திருக்காங்க. அதுக்கப்புறம் நான் உங்க கண்ணுல பட மாட்டேன்."

"எனக்கு ஒண்ணுமில்ல. மருந்தும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

கிளாஸைக் குடிக்காமலே மண்ணில் கவிழ்த்துவிட்டு அவன் விடுவிடுவென்று நடந்தான். கண்ணீர் மறைக்க எங்கே போகிறோம் என்று தெரியாமல் வரிசை வரிசையாகச் சிலுவைகளைக் கடந்தான். வேலியோரம் ரயீசா தனியாக உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றான். அவள் எதிரே ஒரு சிலுவை. அதில் பதித்த புகைப்படத்தில் சீட்டாட்டத்தில் ஜெயித்த அதே சிரிப்பு.

"மித்ரோஃபான்?" என்றான். "ரயீசாக்கா... இது எப்ப?"

"நீ உள்ள இருந்தப்ப தம்பி. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், முதல் பனிக்கு முன்னால."

"அவன் நல்லாயிட்டானே. எனக்கு முன்னால நல்லாயிட்டானே."

ரயீசா சுற்றிலும் பார்த்தாள். அக்ரிபினா அண்ணனைத் தேடிப் பின்னாலேயே வந்துவிட்டிருந்தாள். பக்கத்துக் கல்லறைகளில் அவளிடம் பாலாடைக்கட்டி வாங்குகிறவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ரயீசா, விற்றால் விற்கட்டும் விற்காவிட்டால் போகட்டும் என்று முடிவு செய்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஈரல்னு ஊருக்குச் சொன்னேன். பொய். அதே நெஞ்சு நோய்தான். வெளிய வந்தாரு, இங்க மருந்து இல்ல. நான் அலைஞ்சேன், கெடைக்கல. இவரும் போதும்னு விட்டுட்டாரு. அவ்வளவுதான், போயிட்டாரு. கடைசில இவருக்கு முதுகைப் பிடிச்சிக்கிட்டு இருந்தது யாரு தெரியுமா? உன் பெண்டாட்டி. இந்தக் கைய இப்படிப் பிடிச்சிக்கிட்டு, 'எங்க வீட்டுக்காரரையும் இப்படித்தான் விடுவாங்களா'ன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? அப்புறம் வந்துச்சு உன் கேஸு."

வலேரியு சிலுவையைப் பிடித்துக்கொண்டான்.

"அவ வேண்டாம்னு சொன்னா. நீ இருக்க. நான் வாங்கன்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தேன். எம் புருஷன் இதோ படுத்திருக்காரு," என்றாள் ரயீசா. சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நெஞ்சு நோயா... அண்ணனுக்கா?" அக்ரிபினாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அண்ணே, என்ன சொல்றாங்க இவங்க?"

வலேரியு தாயின் கல்லறைக்குத் திரும்பி நடந்தான். தொம்னிகா இன்னும் அங்கேதான் இருந்தாள். போகச் சொன்னாலும் போகவில்லை. யாரும் வாங்காத ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கல்லறையின் கால்மாட்டில் நின்றாள். மெழுகுவர்த்தி அணைந்திருந்தது.

"மித்ரோஃபான் செத்தத எங்கிட்ட ஏன் சொல்லல?"

தொம்னிகா நிமிர்ந்து பார்த்தாள். தூரத்தில் ரயீசா முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. புரிந்துகொண்டாள்.

"உள்ள இருக்கறவங்ககிட்ட யாருங்க சொல்லுவா..."

"எங்கிட்டதான் சொல்லல. அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. அவங்க உன்னைத் திட்டிக்கிட்டே செத்திருக்காங்களே."

"சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சத்தியம் வாங்கினீங்க."

அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னாள். அவன் அடி வாங்கியவன் போல மண்ணில் உட்கார்ந்துவிட்டான். தான் அன்றைக்குக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அம்மாவைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சொன்ன ஒரு வார்த்தை இந்த இரண்டு பெண்களையும் ஒரே கூரையின் கீழ் வைத்து என்ன செய்திருக்கிறது என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

"தொம்னிகா... என்னை மன்னி—"

"வேண்டாங்க. நீங்க மன்னிப்புக் கேக்காதீங்க. கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நீங்க உசுரோட இருக்கீங்க. அவங்க இல்ல. ரெண்டும் நான் செஞ்சதுதான். நான் பதில் சொல்ல வேண்டியவங்க ஒருத்தங்கதான், அவங்ககிட்ட இப்பவாவது சொல்லிடறேன். சொல்லலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவன் தலையசைத்தான்.

தொம்னிகா மண்டியிட்டாள். விரித்த துணியை ஒதுக்கி, வெறும் மண்ணில் கையை வைத்தாள். அன்று சவப்பெட்டிக்கு முன்னால் வாயை இறுக மூடி நின்றவள், இப்போது ஊரே பார்க்க, ஒப்பாரி ராகம்கூட இல்லாமல், வீட்டில் பேசுவதுபோல் பேசினாள்.

"அத்தை... ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேட்டீங்கல்ல. உங்க மகனுக்கு நெஞ்சு நோய் அத்தை. உங்க பெரியவருக்கு வந்த அதேதான். வெளிய வந்தா மருந்து இருக்காது, செத்துடுவாருன்னு பயந்தேன். அதனால வேண்டாம்னு சொன்னேன். எனக்கு அவரு வேணும் அத்தை. எப்பவும் வேணும். உங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு சொன்னாரு. ஆனா நீங்க இதைத் தாங்கியிருப்பீங்க, என்னைத்தான் உங்களால தாங்க முடியல. அந்தச் சின்னப் பானைல தனியாப் பொங்கித் தின்னீங்களே... ஒரு நாள் என் கையால சாப்பிடலியே அத்தை. இதோ உங்க புள்ள நிக்கிறாரு. முழுசா கொண்டு வந்துட்டேன். திட்டறதுன்னா இப்ப திட்டுங்க."

அக்ரிபினா வாயைத் துணியால் அடைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தொம்னிகாவின் காலடியில் விழுந்து, "அண்ணி, இத்தாலில உக்காந்துக்கிட்டு நான் போன்ல எவ்வளவு ஏத்தி விட்டேன் அம்மாகிட்ட... என்னை அடிங்க அண்ணி," என்று கதறினாள். தொம்னிகா அவள் தலையில் கையை வைத்தாள். தட்டிக்கொடுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

வலேரியு எழுந்தான். தொம்னிகாவின் கையிலிருந்த ரொட்டியையும் கோப்பையையும் துண்டையும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். "ஆண்டவன் அவங்க பாவத்த மன்னிக்கட்டும்," என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. நீனாவின் பக்கம் திரும்பிக் கோப்பையை நீட்டினான்.

"தண்ணி ஊத்துங்கக்கா."

நீனா பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். பையிலிருந்து மாத்திரைகளை அவன் உள்ளங்கையில் கொட்டினாள். ஒரு கை நிறைய இருந்தது. அவன் ஒவ்வொன்றாக விழுங்கினான். ஊர் பார்ப்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை. கடைசி மாத்திரை தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் தளும்ப அதையும் இறக்கினான்.

பிறகு யாரும் கேட்காமலே அவன் தொம்னிகாவின் முன்னால் போய்க் குனிந்து வாயைத் திறந்தான். நாக்கைத் தூக்கிக் காட்டினான். இந்தக் கன்னம், அந்தக் கன்னம் என்று விரலால் இழுத்துக் காட்டினான். உள்ளே தினமும் காலையில் காவலன் முன்னால் அப்படித்தான் காட்ட வேண்டும், மாத்திரையை ஒளித்து வைக்கவில்லை என்று. இத்தனை காலப் பழக்கம், உடம்பு தானாகச் செய்தது.

தொம்னிகா அந்தத் திறந்த வாயைப் பார்த்தாள். வெளுத்த நாக்கு, முன்பு இல்லாத இரண்டு ஓட்டைப் பல், நல்ல மூச்சு. தான் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த இடத்தில் ஒவ்வொரு காலையும் இவர் இப்படி நின்றிருக்கிறார் என்று தெரிந்தது. அவள் இரண்டு கைகளாலும் அவன் முகத்தைப் பிடித்து, வாயை மெல்ல மூடினாள்.

"எனக்குக் காட்ட வேண்டாங்க," என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.